ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை

சோலார் கம்பெனி மேலாளர், தன் பேட்டரி காப்பாற்றிய உயிரை விளம்பரத்துக்குப் படம் பிடிக்க, கேமராக்காரரோடு அந்த வீட்டுக்கு வந்திருந்தார். 'உங்கள் மூச்சுக்கு நாங்கள் பொறுப்பு' என்று வாசகம்கூடத் தயார். உயிரைத்தான் இன்னும் பார்க்கவில்லை.

தெரு முழுக்க மின்வெட்டு. மூடிய அறைக்குள் ஆக்ஸிஜன் மெஷின் மட்டும் புஸ், புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களாம்மா? ஊரே இருட்டு. உங்க வீட்டுக்காரருக்கு ஒரு குறையுமில்ல!"

"நீங்க பேட்டரி மாட்டினதுலேர்ந்து மெஷின் ஒரு நிமிஷம்கூட நின்னதில்ல சார்."

"அதை அப்படியே கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க!"

வீட்டுக்காரம்மா அப்படியே சொன்னாள். மேலாளர் பூரித்துப்போனார்.

"சார் தூங்கறாரா? மெதுவாப் பேசணுமா?"

"சத்தமாவே பேசுங்க. அவர் எழுந்திருக்க மாட்டார்."

"அவரோட ஒரே ஒரு படம்" என்றபடி, மேலாளர் தலையைச் சீவிக்கொண்டு கதவைத் திறந்தார்.

கட்டில் காலி. விரிப்பு கசங்கவே இல்லை. தலையணைமேல் கிடந்த குழாய் யாருக்கோ காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

"அவர்... எங்கம்மா?"

"கேட்டப்பல்லாம் 'நாளைக்கு மாட்டிடறோம்'னே சொன்னீங்களே சார். அப்படி ஒரு நாளைக்குக் கரன்ட் போயிடுச்சு. நீங்க பேட்டரியோட வந்தது எல்லாம் முடிஞ்சப்புறம்."

கேமராக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார்.

மேலாளர் மெஷினைக் காட்டினார். "அப்ப... இந்த மெஷின் யாருக்கு?"

"எனக்குத்தான் சார். அன்னைக்கு அது நின்ன சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. இது ஓடினாத்தான் கொஞ்சம் கேக்காம இருக்கு."