இரட்டை அன்னத்துக்குக் காவல்

நமச்சிவாயம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூஜை அறையில் வைத்துவிட்டார். ஏகாம்பரநாதர் படத்துக்கும் காமாட்சி விளக்குக்கும் நடுவே மானிட்டர் இடைஞ்சலாக உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லை. வீட்டுக்குள் உளவாளி புகுந்திருந்தான்.

பட்டுப் புடவைக்கு பார்டர் டிசைன் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். முன்பெல்லாம் கிராப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்புவார். முடிந்ததும் சுருட்டி பீரோவில் பூட்டிவிடுவார். கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு அதே கட்டங்களைத் திரையில் நிரப்பினார். படம் பெரிதாகவும் கலராகவும் தெரிந்ததில் மனைவி சங்கரிக்கே புருஷன் தொழில்மேல் திடீர்ப் பிரியம் வந்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கூடவே சனியனும் வந்து சேர்ந்தது. இவர் தோகைமயில் போட்டார். அது தறியில் ஏறுவதற்குள் எதிர்வீட்டுத் துரைக்கண்ணுவின் தறியில் அதே தோகைமயில் ஆடியது. யாளி போட்டார், யாளியும் எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. டிசைன் வாங்கும் சென்னைக் கடை முதலாளி போனிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டார். பங்குனிக் கல்யாணங்களுக்குப் போடப்போகும் இரட்டை அன்னமும் இப்படிக் களவு போனால், இனி இவருக்கு வேலை கிடையாது.

துரைக்கண்ணுவின் மருமகனுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். போதாதா? துரைக்கண்ணு தினமும் விடியற்காலையில் வேப்பங்குச்சியும் வாயுமாக நின்று இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பதாகப் பால்காரர் வேறு சொன்னார். எட்டு மணிக்கு முன் எழுந்து பழக்கமில்லாத நமச்சிவாயத்துக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. வாசலுக்கு மேலே போகும், இன்டர்நெட் வருகிற டெலிபோன் ஒயரைத்தான் பார்க்கிறான், படுபாவி!

சின்ன காஞ்சிபுரத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் வரத் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இலவச ஜாதகம், பேசும் கிளி, நீங்கள்தான் இன்றைய அதிர்ஷ்டசாலி என்று எது வந்து கேட்டாலும் நமச்சிவாயம் மரியாதையாக 'யெஸ்' அமுக்கியிருந்தார்.

"வாசல்ல வந்து நின்னவனையெல்லாம் உள்ள கூப்ட்டு உக்கார வெச்சிருக்கேள், சார். அத்தனையும் ஸ்பைவேர். நீங்க செய்யறதையெல்லாம் யாருக்கோ கோள் சொல்லிண்டிருக்கு."

எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, காவலுக்கு ஒரு புரோகிராமையும் போட்டுவிட்டு, இனி பயமில்லை என்றார் வரத். நமச்சிவாயம் நன்றி சொல்லி, காப்பி கொடுத்து, போகும்போது அவருடைய பையையும் சோதனை போட்டு அனுப்பினார்.

அப்படியும் மனசு ஆறவில்லை. டெலிபோன் ஒயரைப் பிடுங்கினார். பிளாப்பி போடும் ஓட்டைக்குப் பிளாஸ்திரி ஒட்டினார். மானிட்டருக்கு விபூதி பூசி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். பூஜை அறைக்குப் புதுப் பூட்டு வாங்கி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். சாமிக்கு விளக்கேற்றவே சங்கரி அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

பாக்கி இருந்தது சங்கரிதான். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எம்மேலயே சந்தேகமா? நானு எந்த வூட்டு வாசப்படி ஏறுறேன், சொல்லுங்க. என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வெளிய போவாது, போதுமா?"

சூடம் அடித்துச் சத்தியமும் செய்தாள். அந்தச் சத்தியத்தை அவள் கடைசி வரை மீறவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மார்கழி பிறப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் இரட்டை அன்னம் முடிந்தது. இரண்டு அன்னம், நடுவில் ஒரு தாமரை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சங்கரி கண்ணெடுக்காமல் பார்த்தாள். நமச்சிவாயத்துக்கே கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்து, அறையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தார். வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியான தூக்கம்.

விடியுமுன்னே கோயில் ஸ்பீக்கர் எழுப்பிவிட்டது. சரி, ஏமாந்துபோன துரைக்கண்ணுவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று ஆசையாக வாசலுக்கு வந்தார்.

நடுத்தெருவில் மப்ளரும் வேப்பங்குச்சியுமாகத் துரைக்கண்ணு குந்தியிருந்தார். முழங்காலில் கிராப் தாள். பென்சில் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒயர் இல்லை, ஸ்பைவேர் இல்லை, சாவி இடுப்பில் இருக்கிறது. இவன் எதைப் பார்த்து வரைகிறான்? சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்று படியிலிருந்து பாய்ந்தார்.

"பாத்துங்க, மிதிச்சிடப் போறீங்க," என்று மாவுக் கையால் அவரைத் தடுத்தாள் சங்கரி.

குனிந்து பார்த்தார்: வாசற்படியிலிருந்து நடுத்தெரு வரைக்கும், பளிச்சென்று காவி ஓரம் கட்டி, அவருடைய இரட்டை அன்னம் ஒரு கட்டம் பிசகாமல் கோலமாகக் கிடந்தது.