வண்டி பார்க்க வந்தவர்

மூன்றாவது முறையும் வண்டி குலுங்கி நின்றது.

பக்கத்து இருக்கையில் இருந்த நோரீனுக்குப் பொறுக்கவில்லை. "கிளட்சை அப்படிப் பட்டுனு விடாதீங்க. என் புருஷன் உயிரா வெச்சிருந்த வண்டி இது."

"மன்னிச்சிருங்க மேடம். பழக்கம் விட்டுப்போச்சு" என்றார் ராஸ்கோ. வண்டியை விலைக்குக் கேட்டு வந்தவர். நோரீனின் கொழுந்தன் லாயிட் அனுப்பிய ஆள்.

கணவன் டுவைன் இறந்து எட்டு மாதம். அவன் ஆசையாக வாங்கிய பெரிய எஞ்சின் வைத்த சிவப்பு மஸில் கார் கராஜில் தூசி படிந்து கிடந்தது. அந்தக் கதவைத் திறப்பதையே அவள் விட்டிருந்தாள். விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

தெருமுனையில் நான்காவது முறையும் நின்றது.

"இறங்குங்க. நான் ஓட்டிக் காட்டுறேன்."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கிளட்ச் காலுக்கு எட்டவில்லை. இருக்கை இன்னும் டுவைனின் உயரத்துக்கே இருந்தது; ராஸ்கோவும் அதை நகர்த்தியிருக்கவில்லை. அதை முன்னால் நகர்த்த அவளுக்குக் கை வரவில்லை.

ராஸ்கோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நகர்த்தினாள்.

முதல் கியர். இரண்டு. மூன்று. உட்வர்ட் சாலை விரிந்தது. எஞ்சினின் உறுமல் கியர் கம்பு வழியாக உள்ளங்கையில் ஏறியது. ஒரு வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்க, கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தது. எட்டு மாதமாக மரத்துக் கிடந்த உடம்பு விழித்துக்கொண்டது.

"இதுல அப்படி என்ன சுகம், மேடம்?"

"மத்த வண்டியெல்லாம் நம்மளச் சுமந்துட்டுப் போகும். இது நம்ம கையையும் காலையும் கேட்டுக் கேட்டுத்தான் போகும்னு டுவைன் சொல்வான்."

அடக்கம் செய்த அன்றுகூட வராத அழுகை வந்தது. அழுதுகொண்டே நான்காவது கியரைப் போட்டாள்.

இருபது மைல் சுற்றிவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தினாள். ராஸ்கோ இறங்கி, காரின் கூரையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இது எனக்குச் சரிப்படாது மேடம். வரேன்."

அவர் தலை மறைந்ததும் லாயிடுக்குப் போன் போட்டாள். "நல்ல ஆளா பாத்து அனுப்பினே போ. கிளட்ச் மிதிக்கவே தெரியலை. கடைசியில வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு."

லாயிட் திருப்பிக் கேட்டான்.

"வேண்டாம்னாரா? உங்க வண்டியக் கேட்டு நாலு மாசமா என்னை நச்சரிச்ச மனுஷன் அண்ணி அவரு. கார் கம்பெனியோட சோதனைத் தடத்துல இருபது வருஷமா இந்த மாதிரி வண்டிகள ஓட்டிப் பாக்குறதுதான் அவர் வேலையே."