மேலேயிருந்து பார்க்கிற முகம்

"யப்பா, காத்து அம்மா காதைத் தூக்கிட்டுப் போகுது!" என்று சின்னவள் அலறினாள்.

அவன் ஓடிப்போய் அந்தச் சருகை மிதித்துப் பிடித்தான்.

ஆஸ்பத்திரி முற்றம் அது. இந்தப் பக்கம் ஒரு கட்டடம், எதிர்ப்பக்கம் ஒரு கட்டடம், நடுவில் சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஓயாமல் இலை கொட்டுகிற மரங்கள். எதிர்க் கட்டடத்தின் மாடி ஜன்னலுக்குப் பின்னால்தான் அவன் பெண்டாட்டி படுத்திருக்கிறாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். அவன் கூப்பிட்டாலும் அப்படியே, பெற்ற தாய் கூப்பிட்டாலும் அப்படியே. வீட்டில் என்றால் மூச்சு விடாமல் பேசுகிறவள்!

பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். "சாயங்காலம் மாத்திரை குடுக்கிறப்ப ஜன்னல்கிட்ட கூட்டிட்டு வரப் பாக்கிறேன். பிள்ளைங்களைக் கீழே நிறுத்துங்க. முகத்தைப் பாத்தாலாவது பேசறாங்களான்னு பாப்போம்" என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

சும்மா போய் நின்றால் போதுமா? அவன் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். பெயிண்ட் டப்பாவும் கையுமாக வந்துவிட்டான். வாட்ச்மேன் வாசலிலேயே மறித்தார்.

"தரையில ஒரு சொட்டு விழுந்துச்சு, உன் சட்டையாலயே துடைக்க வெப்பேன். விளக்குமாத்துல தள்ளினா போற மாதிரி எதையாவது பண்ணிக்க."

அதனால்தான் சருகு.

கூந்தலுக்குக் கறுத்துக் காய்ந்த நெற்றுகள். கன்னத்துக்கு மஞ்சள் இலை. உதட்டுக்கு வாடின சிவப்புப் பூ. மூக்குக்கென்று சின்னவள் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். இவ்வளவு பெரிய மூக்கா என்று கேட்டால், அம்மா மூக்கு இப்படித்தான் என்று ஒரே சாதிப்பு.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கண் படத்தில், ஒரு கண் ஜன்னலில். திரை அசையவே காணோம். காற்று வேறு உயிரை வாங்கியது. மிச்சச் சருகு பறக்காமலிருக்கத் தன் பையைத் தூக்கிக் குவியல்மேல் வைத்தான்.

"பைக்குள்ள என்னமோ கொர்ர்ங்குதுப்பா" என்றான் பெரியவன்.

"வண்டு பூந்திருக்கும். நீ முடியை வைடா."

ஒருவழியாக முகம் வந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தான். சும்மா சொல்லக்கூடாது, அவளேதான்.

சின்னவள் மட்டும் ஜன்னலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

"யப்பா, அம்மா அங்கேருந்துதானே பாப்பாங்க? அப்ப தலைகீழால்ல தெரியும்?"

அவனும் ஜன்னலை ஒருமுறை, படத்தை ஒருமுறை பார்த்தான். காலமெல்லாம் சுவரில் எழுதினவன். சுவரில் எழுதுகிறவனும் படிக்கிறவனும் நிற்பது ஒரே பக்கம். தரையில் போட்டால் எதிரே இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்று அந்த மண்டைக்குத் தோன்றவேயில்லை.

மாடியில் மாத்திரை வண்டி கடகடவென்று உருளும் சத்தம்.

"அள்ளு, அள்ளு! முடியெல்லாம் இந்தப் பக்கம்! டேய், கண்ணு மேல நிக்கிறியேடா!"

மூன்று பேரும் மூச்சிரைக்க இடம் மாற்றினார்கள். நெற்றி இருந்த இடத்துக்குத் தாடை வந்தது. தாடை இருந்த இடத்தில் கூந்தல் பரந்தது. மூக்கு ஒன்றுதான் பாக்கி. கல்லைத் தூக்கிக்கொண்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தான்.

திரை அசையவில்லை.

"ஏங்க! நேராத்தானே இருந்தேன். எதுக்கு இப்பக் கவுத்துப் போட்டீங்க?"

குரல் அவன் முதுகுக்குப் பின்னால், மேலேயிருந்து வந்தது.

கூடவே நர்ஸின் குரல். "மத்தியானமே இவங்களை இந்தக் கட்டடத்துக்கு மாத்தியாச்சு. எத்தனை வாட்டி போன் பண்றது, எடுக்கவே மாட்டீங்களா? நான் கூப்பிடக்கூட இல்ல. பிள்ளைங்க சத்தம் கேட்டு அவங்களே எழுந்து வந்துட்டாங்க. நீங்க மொத இலை வெச்சதுலேருந்து இங்கதான் நிக்கிறாங்க."

பிள்ளைகள் "அம்மா!" என்று அந்தப் பக்கம் பாய்ந்தார்கள்.

அவன் திரும்பவில்லை. திரும்பினால் எங்கே அந்தக் குரல் நின்றுவிடுமோ என்று கல்லை ஏந்தியபடியே நின்றான்.

"கையில என்னாது அது, என் மூக்கா? அம்மிக்கல்லு கணக்கா! உங்க வேலைதானே?"

சின்னவளைக் காட்டிக்கொடுக்காமல், ஆமாம் என்று தலையை ஆட்டினான். இன்னும் திட்டட்டும்.