இலையில் ஒருத்திக்குத்தான் இடம்

அந்தக் குளத்தில் ஆண் தவளைகள்தான் கத்தும். பெண்கள் கரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அது பிடிக்காத மூன்று பெண் தவளைகள் ஒரு மழைநாளில் பாட்டுக் குழு ஆரம்பித்தார்கள். செவத்தி பாடினாள். பூவாத்தா கொட்டாங்குச்சியைத் தட்டினாள். மின்னி வேலிக்கம்பியை மீட்டினாள். மூன்றாவது மழைக்குள் பக்கத்துக் குளங்களிலிருந்தெல்லாம் கூட்டம் வந்துவிட்டது.

குளத்துப் பெரியதவளை குதித்து வந்தார். "பிரமாதம்மா! ஆனா செவத்தி மட்டும் தாமரை இலையில உட்காரட்டும். நீங்க ரெண்டு பேரும் பின்னாடி சேத்துல இருந்து வாசிங்க."

செவத்தி மறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

பூவாத்தா கொட்டாங்குச்சியைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் குட்டைக்குப் போய்விட்டாள். மின்னி வயல்வேலிக்குப் போனாள். தாளமில்லாமல் ஒரு பாட்டைக்கூட முடிக்க முடியாமல் செவத்தியும் இலையிலிருந்து இறங்கினாள்.

"பொம்பளைங்க ஒண்ணா இருக்க மாட்டாங்கன்னு அப்பவே சொன்னேன்," என்று சிரித்தார் பெரியதவளை.

அடுத்த மழையில் கிழக்குக் குட்டையிலிருந்து இருபது பெண் குரல்கள் கேட்டன. வயல் பக்கம் அதைவிட அதிகம். செவத்தி கரையிலிருந்த பெண்களை எழுப்பி நிறுத்திவிட்டு, பெரியதவளை பக்கம் திரும்பினாள்.

"பிரிஞ்சோம்தான். வாயை மூடிக்கிறோம்னு யார் சொன்னது?"