காரைத் துரத்தியவள்

விடிந்ததும் வாசலில் கார் வந்து நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள்.

"ஜீவிதா இருக்காங்களா?"

"நீங்க யாருங்க?" என்றார் நஞ்சப்பன்.

"அவங்ககிட்டயே நேர்ல சொல்றோமுங்க."

உடுமலையிலிருந்து இந்த வாரம் பெண் பார்க்க வருவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். மகள் ஜீவிதாவோ கல்யாணமே வேண்டாமென்று அழுதிருந்தாள்.

"பொள்ளாச்சிக்குப் போயிட்டாளுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாட்டுக்கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்த ஜீவிதா, காரில் கிளம்பியவர்களை அடையாளம் கண்டதும், கறந்த பாலை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். தென்னந்தோப்பின் குறுக்கே வெறுங்காலில் பாய்ந்து, மீனாட்சிபுரம் ரோட்டில் காரை மறித்து, இருவரையும் கூட்டிவந்தாள்.

"ஏனம்மிணி, உனக்காகத்தானே இல்லைன்னு சொன்னேன்?"

"எனக்காகப் பொய் சொன்னதை மறக்கவே மாட்டேனுங்கப்பா. ஆனா இவங்க பொண்ணு பார்க்க வரலீங்க. ஓட்டப் பந்தயத்துல ஓடுற நான் ஊக்கமருந்து எடுத்திருக்கேனான்னு சோதிக்க வந்திருக்காங்க. மருந்தே தொடாட்டியும், சோதனைக்குப் பயந்து ஒளிஞ்சா அதுவே குத்தமுங்க. வருசக்கணக்குல ஓட விடமாட்டாங்க."

நஞ்சப்பன் பதறிக் கைகூப்பினார். "தாயி, திரும்பி வந்தீங்களே, உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க!"

வந்தவர்களில் மூத்தவர் சிரித்தார்.

"காரையே துரத்திப் புடிச்சிட்டாங்களே! இந்த வேகத்துக்குச் சோதிச்சே ஆகணுமுங்க."