தாம்பூலம் மாற்றிய பிறகு

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலே நான், சரசா, எங்க பெரியவன் சேஷு, சம்பந்தி ராமநாதன். நாலே பேர்தான். வேற யாராவது இருந்தேன்னு சொன்னா புளுகு" என்றார் சூர்யநாராயணன், நாற்காலியில் முதுகு சாயாமல்.

ஔந்திலிருந்த அவர் வீட்டுக் கூடத்தில் எதிரே உட்கார்ந்திருந்த சாவித்ரி அசரவில்லை. தன் மகளை இந்த வீட்டு இளையவன் ஷ்ரேயஸுக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் தளேகாவிலிருந்து வந்திருந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ மாமா. உங்க பெண் ப்ரியம்வதாவுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்ணி, அதை மூடி மறைச்சுக் கல்யாணத்தை நடத்திட்டேள்னு பேசிக்கறா. நாளைக்கு எங்ககிட்ட எதை மறைப்பேளோ?"

அவருக்குக் காது சிவந்தது.

"யாரும் பிளக்கலே. சின்ன வயசிலே வந்த ஜுரத்திலே வால்வு சுருங்கியிருந்தது. கோர்படி ரயில்வே பாலம் ஏறினா மூச்சு முட்டும். தொண்ணூத்து நாலிலேயே தொடை வழியாக் குழாயை விட்டு, உள்ளே பலூனை ஊதி, வால்வை விரிச்சுட்டா. மறுநாளே எழுந்து நடந்தா."

அந்த மழை நாள் அவர் கண்முன் வந்து நின்றது. வராந்தா ஓரமாகச் சொட்டிக்கொண்டிருந்த குடைகள். யாரும் தொடாமல் ஆறிப்போன வடா பாவ். டாக்டர் கதவைத் திறந்து சிரித்ததும், மனைவி சரசா வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி ஒண்ணுமே சொல்லலியா?"

"சொன்னார். 'கல்யாணத்தை நிறுத்திடலாம்'னு கையைக் கூப்பினார். தாம்பூலம் மாத்தியாச்சு, இனிமே அந்தப் பேச்சே கூடாதுன்னுட்டேன்."

"சரிதான்! நோயாளிப் பெண்ணை அவா தலையிலே கட்டிட்டேள்!"

அப்போது வாசல் கதவு திறந்தது. இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளோடு ப்ரியம்வதா வந்தாள்.

"அப்பா, லிஃப்ட் இன்னிக்கும் பந்த். நாலு மாடியும் ஏறித்தான் வரேன். மாமிக்குக் காபி கொடுத்தாச்சா?"

பைகளோடு அவள் சமையலறைக்குள் போனாள். சூர்யநாராயணன் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ஊர்ப் பேச்சு தப்பு. எனக்குப் பெண்ணே கிடையாது. நிறுத்திடலாம்னு கையைக் கூப்பின ராமநாதன்தான் அவளைப் பெத்தவர். ப்ரியம்வதா எங்காத்து மாட்டுப்பெண்."