வெளிச்சம் ஒன்பது

வெளிச்சம் ஒன்பது. மஞ்சள் ஒளி நான்கு. எழுத்தளவு எட்டு.

மூன்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான், புத்தகம் படிக்கும் கிண்டிலை மடியில் நிறுத்தினாள்.

எட்டு பெரிதுதான். பக்கத்துக்குப் பத்து வரிகூட வராது. பார்ப்பவர்கள் குழந்தைப் புத்தகம் என்று நினைத்துவிட்டால்? திரையைச் சன்னல் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள்.

பகலெல்லாம் கணினி, பிறகு மாலை வகுப்பு. அவள் கண்ணுக்கு எட்டுதான் இதம்.

சூலூர்ப் பேருந்தில் உள்விளக்கு எரியவில்லை.

கதையில் யானை ஆற்றில் இறங்கியிருந்தது. பாகன் கரையில் நின்று கத்துகிறான். வெள்ளம் ஏறுகிறது.

சார்ஜ் ஒரு சதவீதம். மீதி ஒன்பது பக்கம்.

கணக்குப் போட்டாள். வெளிச்சத்தை இரண்டுக்கு இறக்கினாள். தாங்கும் என்றுதான் தோன்றியது.

பக்கத்தைத் திருப்ப விரல் போனது.

"திருப்பீராத கண்ணு. நா இன்னும் முடிக்கல."

அருகில் நீலக் கம்பெனிக் கோட்டு போட்ட ஒரு அம்மா. மடியில் டிபன் பை. பார்வை திரையில்.

"ஆனை சந்தைக்கு வந்தன்னைக்கு இருந்து படிக்கறன். எழுத்து நல்ல பெருசு, கண்ணாடியே வேண்டீதில்ல. வெளிச்சத்த எதுக்கு சாமி கொறச்சுப்போட்ட?"

யானை சந்தைக்கு வந்த பக்கத்தை அவள் படித்தது திங்கட்கிழமை. இன்று வியாழன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி கணக்குப் போட்டாள். ஒன்பதில் தாங்காது.

வெளிச்சத்தை ஒன்பதுக்கு ஏற்றினாள். திரையை நிமிர்த்தி இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

முடித்ததும் அந்த அம்மா முழங்கையால் ஒரு இடி இடிப்பார். அவள் திருப்புவாள்.

தும்பிக்கை மட்டும் தெரிந்தது.

இடி.

அதுவும் முழுகியது.

இடி.

பாகன் தண்ணீரில் குதித்தான்.

ஒரு பக்கம் பாக்கி. திரையில் எழுத்துகள் போய், காலியான பேட்டரிப் படம் வந்து நின்றது.

"அய்யோ!"

இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போதுதான் அந்த அம்மா வெளியே எட்டிப் பார்த்தார். அவர் இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் ஆகியிருந்தது.

"நீ மட்டும் படிச்சுப்போடாத" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

வீட்டில் சார்ஜ் நூறு ஆனது. விரல் ஒருமுறை திரைவரை போனது.

உறையை மூடி வைத்தாள்.

மறுநாள் இரவு ஏழரைக்குக் காந்திபுரத்தில், சூலூர்ப் பேருந்தில் நல்ல கூட்டம். நிற்கவும் இடமில்லை. அவள் எக்கிப் பார்த்தாள்.

நீலக் கோட்டுக்குப் பக்கத்தில், சன்னலோர இருக்கையில் ஒரு டிபன் பை உட்கார்ந்திருந்தது.